பனிக்கூடத்தில் சொன்ன வாரேன்

ஹால்விக் துறைமுகத்தின் வாசலில் காலையிலேயே உள்ளூர்க்காரர்கள் கூடிவிடுவார்கள். அவர்கள் யாரையும் அழைத்துப் போக வந்தவர்கள் அல்ல. புதிதாக இறங்கும் பயணிகளின் வலது மணிக்கட்டில் காவலர்கள் மஞ்சள் பட்டை கட்டி முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு பொறுமையாக நிற்பார்கள். பட்டை கட்டியதும் நெருங்கி வந்து பேச்சுக் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் அதிகம். சிலர் வேலைக்குப் போகும் வழியில் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார்கள்.

தூத்துக்குடியிலிருந்து வந்த மூன்று பெண்களுக்கும் அன்று பட்டை கட்டப்பட்டது. மூவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள், ஐம்பதைத் தாண்டியவர்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில் மேற்பார்வையாளர் பிலோமி. காயல்பட்டினத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர் சபூரா. நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற சண்முகவடிவை எல்லோரும் வடிவு என்பார்கள். ஊர் சுற்றுவது வடிவின் யோசனை. ஹால்விக்கைத் தேர்ந்தெடுத்தது பிலோமி. ஏன் என்பது மற்ற இருவருக்கும் தெரியும்.

கம்பளித் தொப்பி போட்ட ஒரு கணவனும் மனைவியும் வடிவை நெருங்கினார்கள். அவர்கள் பேசியது மூவரின் காதிலும் மாட்டியிருந்த மொழிச்செவி வழியே, செய்தி வாசிப்பது போன்ற தமிழில் கேட்டது.

"நாளை எங்கள் வீட்டுக்கு வருவீர்களா?"

வடிவுக்கு வாயெல்லாம் பல். "வாரேன், கண்டிப்பா வாரேன். சும்மாவா வருவேன், திருநெல்வேலி அல்வா கொண்டாந்திருக்கேன், அதையும் எடுத்துட்டு வாரேன். நீங்களும் எங்க ஊருக்கு வரணும். ஒரு மாசம் தங்கணும்."

கணவன் கண்ணை மூடிக்கொண்டார். மனைவி, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றாள். வடிவு சொன்னாள். இருவரும் நன்றி சொல்லிவிட்டு அடுத்த பயணியிடம் நகர்ந்தார்கள். வீட்டு முகவரியைத் தரவில்லை.

"என்னட்டி இது? எங்க வரணும்னு சொல்லாமலே போறாவ!"

"நீ வருவேன்னு அவங்க நினைக்கல," என்றாள் சபூரா. "மஞ்சப் பட்டை கட்டினவங்க பேச்சு இன்னைக்குக் கணக்குல சேராது. வாசல்ல காவலர் சொன்னாரே, நீ போட்டோ எடுத்துக்கிட்டிருந்தே. நாளையிலேருந்துதான் நம்ம பேச்சுக்கு மதிப்பு. இந்த ஊர்க்காரங்க அவங்களுக்குள்ள இப்படிப் பேச முடியாது. அதான் நம்மகிட்ட வந்து கேட்டுட்டுப் போறாங்க."

"பாவமே," என்றாள் வடிவு. பிறகு, "அப்போ இன்னைக்கு என்ன வேணும்னாலும் சொல்லலாமா?" என்று உற்சாகமானாள்.

பிலோமி இதில் எதையும் கவனிக்கவில்லை. "பனிக்கூடம் எந்தப் பக்கம்னு கேளுங்கட்டி," என்றாள்.

பனிக்கூடம் மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும் என்றார்கள். காலையில் பனிக்கு ஓய்வாம்.

அதனால் ஊரைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஹால்விக்கில் பெயர்ப்பலகைகள் கிடையாது. ரொட்டிக்கடை வாசலில் நிஜ ரொட்டி தொங்கியது. செருப்புக்கடை வாசலில் நிஜச் செருப்பு. சுவரொட்டி இல்லை, அறிவிப்பு இல்லை, வீட்டுக் கதவில் பெயர் இல்லை. "ஒரு ஃபிளெக்ஸ்கூட இல்லாம எப்படித்தான் கல்யாணம் பண்ணுதாவளோ," என்றாள் வடிவு.

போலிக்காலம் என்று வரலாற்றுப் புத்தகங்கள் சொல்லும் அந்த ஆண்டுகளில், எந்தக் கையெழுத்தையும் எந்தப் படத்தையும் எந்தக் குரலையும் எவரும் உருவாக்கிவிடலாம் என்று ஆனபோது, ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு தீர்வைத் தேடியது. ஹால்விக்கின் தீர்வு மிகப் பழையது. இரண்டு பேர் நேருக்கு நேர் நின்று பேசிய சொல் மட்டுமே செல்லும். எழுதியது செல்லாது, கம்பி வழியும் காற்று வழியும் தொலைவிலிருந்து வரும் குரல் செல்லாது. சொல்லுக்குச் சாட்சியாக ஒவ்வொரு தெருமுனையிலும் ஒவ்வொரு கூடத்திலும் ஆளுயரச் செவித்தூண் ஒன்று நிற்கும். வாக்கு என்று கருதத்தக்க எதையாவது ஒருவர் சொன்னால் தூணின் உச்சியில் வெள்ளை விளக்கு எரியும், சொல்லும் அதே குரலில் பதிவாகும். அவ்வளவுதான். வீடு விற்பதும் திருமணமும் வேலையில் சேர்வதும் அப்படித்தான் நடந்தன. ஏமாற்று அறவே ஒழிந்தது என்று நகரவாசிகள் பெருமையாகச் சொல்வார்கள். அது உண்மையும்கூட. அதோடு சேர்ந்து வேறு சிலவும் ஒழிந்திருந்தன. தெருவில் எதிர்ப்பட்ட இருவர் தலையசைத்தார்கள், வானிலை பற்றிப் பேசினார்கள், பிரிந்தார்கள். மறுபடி பார்க்கலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிலோமியின் மகன் கிங்ஸ்லின் வடகடல் தடத்தில் ஓடும் சரக்குக் கப்பலில் குளிரூட்டி மெக்கானிக். சென்ற ஆண்டு இதே நாளில், பட்டையெல்லாம் அவிழ்த்த பிறகு, பனிக்கூடத்தில் யாரிடமோ அவன் ஒரு சொல் சொல்லியிருக்கிறான். கப்பல் அடுத்த முறை வந்தபோது துறைமுக அதிகாரி ஒருவர் மேலே ஏறி வந்து, சட்டப்படி நேருக்கு நேர் நின்று தெரிவித்தார்: உங்கள் சொல் நிலுவையில் இருக்கிறது. நிலுவை உள்ளவரை நகருக்குள் விடமாட்டார்கள். நகருக்குள் போகாமல் சொல்லைத் தீர்க்கவும் முடியாது. சொல்லை வாங்கியவர் தாமே அதை விட்டுக்கொடுத்தால் உண்டு. ஓராண்டு நிறையும் நாளின் அந்தி மணிவரை அப்படியே இருந்தால் கிங்ஸ்லின் சொல் தவறியவன். சொல் தவறியவன் இருக்கும் கப்பலை ஹால்விக் கரையில் அணைய விடாது. அவனை இறக்கிவிடுவதாகக் கப்பல்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அந்தக் கப்பல்காரர்களுக்கு வடகடலை விட்டால் வேறு தடமும் இல்லை.

"அப்படி என்னதான் சொன்னான்னு கேட்டியா?" என்றாள் வடிவு, தொங்குபாலத்தின் நடுவில் நின்றபடி. கீழே கரும்பச்சைக் கடல் மலைகளுக்கு நடுவே உள்நுழைந்து கிடந்தது.

"அவனுக்குத் தெரியல. நான் யாருக்கும் எதுவும் சொல்லலம்மா, சுத்திப் பாத்தேன், வந்தேன்கான்."

"பொண்ணு விவகாரமா இருக்கும். ஒன் மவன் சிரிச்சா குழி விழுமே."

"விழட்டும். அவ யாரா இருந்தாலும் இன்னைக்கு அவகிட்டேயிருந்து அந்தச் சொல்லைத் திருப்பி வாங்காம நான் நகர மாட்டேன். பாலம் பாத்தாச்சுல்லா? நடங்க."

பனிக்கூடம் பாறையைக் குடைந்து கட்டியது. அந்தப் பகுதியின் கடைசிப் பனியாற்றிலிருந்து வெட்டிக் காப்பாற்றிய, ஒரு வீட்டளவு பெரிய நீலப் பாளம் கண்ணாடிக்குப் பின்னால் கிடந்தது. மூவரும் கண்ணாடியை ஒட்டி நின்று பார்த்தார்கள். வடிவு போட்டோ எடுக்கக்கூட மறந்துபோனாள். உள்ளே புதைந்திருந்த காற்றுக் குமிழிகள் விளக்கொளியில் மீன்முட்டைகள்போலத் தெரிந்தன.

வாசலருகே நின்ற காப்பாளரிடம் பிலோமி போனாள். சாம்பல் நிறச் சீருடை, நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான பெண். பெயர் யூனா என்றாள்.

"போன வருசம் இதே நாள்ல ஒரு பையன் இங்க வந்தான். கறுப்பா, உயரமா, கப்பல்ல வேலை பாக்கவன். அவன் யார்கிட்டயோ ஒரு சொல் சொல்லிட்டான். அது யாருன்னு தெரியணும்."

யூனா பிலோமியின் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு முகத்தை. "நீங்கள் யார்?"

"அவனைப் பெத்தவ."

"என்னிடம்தான் சொன்னான்," என்றாள் யூனா.

வடிவு சபூராவின் கையைக் கிள்ளினாள். "வயசு ஒத்துவராதே," என்று கிசுகிசுத்தாள். "மொழிச்செவி அதையும் பெயர்த்துச் சொல்லும், சும்மா இரு," என்றாள் சபூரா.

யூனா அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "கண்ணாடியைத் திறந்து பனியைத் தொட அனுமதித்தேன். வழக்கமாக அனுமதிப்பதில்லை. குளிரூட்டும் இயந்திரத்தின் சத்தம் சரியில்லை என்று அவன்தான் கண்டுபிடித்தான். கால்மணி நேரத்தில் சரிசெய்தும் கொடுத்தான். போகும்போது சொன்னான். விளக்கு எரிந்தது."

"என்ன சொன்னான்?"

"சகோதரியே, திரும்பி வருவேன்."

பிலோமி சட்டென்று சிரித்துவிட்டாள். மாதக்கணக்காகத் தூக்கத்தைக் கெடுத்தது இதுதானா? "அம்மா, அது அப்படி இல்ல. அவன் சொன்னது வேற. அதைக் கொஞ்சம் அவன் குரல்லயே போடச் சொல்ல முடியுமா?"

யூனா தூணிடம் ஏதோ சொன்னாள். மூவரும் மொழிச்செவியைக் கழற்றினார்கள். குளிர்ந்த கூடத்தில் கிங்ஸ்லினின் குரல், அவசரமாக, வாசலை நோக்கித் திரும்பியபடி சொன்ன தொனியில் கேட்டது: "வாரேன்க்கா!"

பிலோமி தூணை நோக்கி ஓரடி வைத்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து புத்தகப்பையை எறிந்துவிட்டு ஓடும்போது கேட்ட அதே குரல். மொழிச்செவியை மறுபடி மாட்டிக்கொண்டாள்.

"எங்க ஊர்ல போறேன்னு யாரும் சொல்ல மாட்டோம். போறேன்னா திரும்பாம போறதுன்னு அர்த்தம் வந்துரும். அதனால கிளம்பும்போது வாரேன்னு சொல்லிட்டுத்தான் கிளம்புவோம். மூத்த பொம்பளையா இருந்தா அக்கான்னு கூப்பிடுவோம். அது மரியாதை. அவ்வளவுதான்."

"எல்லோரிடமும் சொல்வீர்களா?"

"எல்லார்கிட்டயும்."

"பஸ் கண்டக்டர்கிட்டகூட," என்று வடிவு உதவிக்கு வந்தாள். "கத்திரிக்கா விக்கவகிட்ட. பல்லு புடுங்குற டாக்டர்கிட்ட."

யூனாவின் முகம் மாறியதை முதலில் கண்டது சபூராதான். வடிவின் முதுகில் கைவைத்து அழுத்தினாள். ஆனால் சொல்லவேண்டியதெல்லாம் சொல்லி முடிந்துவிட்டது.

"ஹால்விக்கில்," என்றாள் யூனா மெதுவாக, "ஒருவரை உறவு சொல்லி அழைத்தால் நோயில் பக்கத்தில் இருக்கவேண்டும். சாவில் கூட நிற்கவேண்டும். பெற்றோர்கூட யோசித்துத்தான் மகள் என்பார்கள். எனக்கு உடன்பிறந்தவர் இல்லை. ஓராண்டாக எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று இந்த நகரம் முழுக்கத் தெரியும். ஓய்வு நாட்களிலும் நான் இந்த வாசலுக்கு வந்தேன். விட்டுக்கொடுக்க வேண்டுமானால் தூணின் முன் நின்று என்ன சொல்லவேண்டும் தெரியுமா? அது வெறும் சத்தம் என்று சொல்லவேண்டும். ஒரு சத்தத்துக்காகக் காத்திருந்தவள் என்று நான் என் வாயால் சொல்லவேண்டும்."

 அவளுக்குப் பின்னால் இயந்திரம் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

"மாட்டேன்," என்றாள் யூனா.

திறந்த வாசல் வழியே தெரிந்த வெயில் அப்படியே இருந்தது. கோடையில் ஹால்விக்கில் சூரியன் மறைவதில்லை; நாள் முடிந்ததைச் சொல்ல மணி அடிப்பார்கள். மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் என்பது கூடத்தை மூட வாசலில் உதவியாளர்கள் கயிறு கட்டத் தொடங்கியதிலிருந்து தெரிந்தது.

வடிவு கண்கலங்கி நின்றாள். "நான்தான் கெடுத்துட்டேன். வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்."

"இரு, அழாதே," என்றாள் சபூரா. யூனாவிடம் திரும்பினாள். "வாசல்ல ஒண்ணு சொன்னாங்க. நான் ரெண்டு வாட்டி கேட்டுக்கிட்டேன். ஒருத்தர் சொன்ன சொல்லை அவரோட ரத்த உறவு ஏத்துக்கலாமாமே?"

"ஏற்கலாம். ஆனால் இவர் இன்று சொல்வது எதுவும் செல்லாது. கையில் பட்டை இருக்கிறது."

பிலோமி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். "கழட்டினா?"

"கழற்றினால் மறுபடி கட்டமாட்டார்கள். இந்த நிமிடத்திலிருந்து நீங்கள் சொல்வதெல்லாம் செல்லும்." யூனா கொஞ்சம் தயங்கினாள். "உங்கள் மகன் சொன்னது இரண்டு சொல். திரும்பி வருவது எளிது. நாளை நீங்கள் இந்த வாசலுக்கு வந்தால் தீர்ந்தது. உறவு சொல்லி அழைத்தது அப்படி இல்லை. அது தீராது. அவனுக்கு நான் அக்காவானால் உங்களுக்கு..." அந்தச் சொல்லை அவள் சொல்லவில்லை. சொன்னால் விளக்கு எரியும்.

வடிவு பிலோமியைத் தள்ளி அழைத்துப் போனாள். "ஏட்டி, யோசி. நோய்க்கு வரணுமாம், சாவுக்கு வரணுமாம். இது நம்ம ஊர்ல அத்தை சித்தின்னு சொல்லுத மாதிரி இல்ல. நீ முட்டுவலிக்கு மாத்திரை போட்டுக்கிட்டு இந்த ஐஸ் ஊருக்கு ஓடி வரப் போறியா? சும்மா ஆமான்னு சொல்லிட்டு ஊரைப் பாத்துப் போயிரலாம்னு நினைக்காத. அப்புறம் நீ சொல் தவறினவ."

"நான் சும்மா சொல்லப் போறேன்னு ஒனக்கு யாரு சொன்னா?"

"பின்னே?"

"அவன் கூப்பிட்டான்ல. வாய்ல வந்த பேச்சுன்னு நான் சொன்னா அவளுக்கு மட்டுமா அசிங்கம்? என் புள்ளை ஒரு பொம்பளைய அக்கான்னு கூப்பிட்டது பொய்னு ஆகுது. அவனுக்கு அக்கான்னா என்னன்னு சொல்லிக் குடுத்ததே நான்தான்." பிலோமி வடிவின் கையை விலக்கினாள். "வேலைக்காகத்தான் வந்தேன். இல்லைங்கல. வேலையும் வேணும். ஆனா அவளை வெறும் சத்தம்னு சொல்ல வச்சு எனக்கு அந்த வேலை வேண்டாம்."

திரும்பி வந்து தூணின் முன் நின்றாள். பட்டையை இடது கையால் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வலுவான துணி. பல்லால் கடித்து இழுத்தாள். கிழிந்தது. தையல் போன ஓரத்தை உதறிவிட்டு யூனாவை நேராகப் பார்த்தாள்.

"என் மவன் சொன்ன ரெண்டையும் நான் ஏத்துக்கிடுதேன். நாளைக்கு இந்த வாசலுக்கு வாரேன். அவன் உன்ன அக்கான்னு கூப்பிட்டான். அப்போ நீ என் மவ."

தூணின் உச்சியில் வெள்ளை விளக்கு எரிந்தது. ஒரு முறை அணைந்து மறுபடி எரிந்தது, இரண்டு சொல். யூனா அந்த விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, பழக்கமில்லாத ஒன்றைச் செய்பவள்போல, பிலோமியின் தோளில் கைவைத்தாள். வைத்த கையை எப்போது எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. பிலோமியும் நகரவில்லை.

அந்தி மணி அடித்தது. தூண் கிங்ஸ்லினின் பெயரைச் சொல்லி, அவன் பெயரில் நிலுவை இல்லை என்றது.

சபூரா அங்கேயே நின்று கிங்ஸ்லினை அழைத்தாள். தொலைபேசி பிலோமியின் கைக்கு வந்ததும் அவள் சுருக்கமாகப் பேசினாள். இந்த ஊரில் தங்கும் மூன்று நாளும் எதையும் சுருக்கமாகத்தான் பேசவேண்டும் என்று முடிவு செய்துவிட்டிருந்தாள். வேலை போகாது. நீ சொல் குடுத்தது பனிக்கூடத்துல நின்ன காப்பாளரம்மாவுக்குத்தான். வாரேன்னு சொன்னதுதான் வினை. அக்கான்னு வேற கூப்பிட்டிருக்கே. இனிமே அவ ஒனக்கு அக்காதான், நான் ஏத்துக்கிட்டாச்சு.

மறுமுனையில் அவன் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. "வாரேன்னு சொன்னதுக்கா இவ்வளவும்? இனிமே ஜென்மத்துக்கும் அந்த வார்த்தைய எடுக்க மாட்டேன்மா."

"அவளுக்கு உங்கூட பேசணுமாம். குடுக்கேன். பாத்துப் பேசு."

"கம்பியில் வரும் குரல் செல்லாது," என்று யூனா தானாகவே சொன்னாள், பிலோமியின் முகத்தைப் பார்த்து. "அவனுக்கு எந்தச் சிக்கலும் வராது. கேட்கவேண்டும், அவ்வளவுதான்." தொலைபேசியை இரண்டு கையாலும் வாங்கிக் காதில் வைத்தாள்.

கிங்ஸ்லின் ஒரு நிமிடம் தடுமாறினான். பிறகு உண்மையைச் சொன்னான். "அக்கா, உங்க முகம் எனக்குச் சரியா ஞாபகம் இல்ல. மன்னிச்சிருங்க. மெஷின் ஞாபகம் இருக்கு. இப்போ சத்தம் போடுதா?"

"போடவில்லை," என்றாள் யூனா. "நன்றாக ஓடுகிறது."

"பெல்ட்ட மட்டும் மாத்தச் சொல்லுங்க."

"சொல்கிறேன்," என்றாள். அவள் தூணருகே நின்று சொன்னதால் விளக்கு எரிந்தது. உடனே உதவியாளரைக் கூப்பிட்டு, பெல்ட்டை மாற்றவேண்டும் என்று சொல்லி அதைத் தீர்த்துவிட்டு மறுபடி காதில் வைத்தாள். வடிவு சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

 கப்பலில் யாரோ அவனைக் கூப்பிடும் சத்தம் கேட்டது. "சரிக்கா," என்றான் கிங்ஸ்லின். இருபத்தைந்து ஆண்டுப் பழக்கம் நாக்கைத் தள்ளியது. "வா..." என்று தொடங்கியவன் அங்கேயே நிறுத்திக்கொண்டான். பயந்துபோய்த் தொடர்பைத் துண்டித்தும் விட்டான்.

யூனா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவள் மொழிச்செவி தன் வேலையைச் செய்து முடித்திருந்தது. அவள் மெல்லத் திரும்பி பிலோமியைப் பார்த்தாள்.

"சகோதரியே, வா என்கிறான்," என்றாள். "உங்கள் ஊருக்கு. என்னை."

சபூரா எதையோ சொல்ல வாயெடுத்தாள். பாதியில் நின்றுபோன சொல் அது, முழுச்சொல் வேறு என்று விளக்க ஒரு நொடி போதும். பிலோமி அவளைப் பார்த்த பார்வையில் அவள் வாயை மூடிக்கொண்டாள்.

ஹால்விக்கில் பிறந்து, நகரின் எல்லையைத் தாண்டாத அந்தப் பெண், தூணை நோக்கி இரண்டு அடி எடுத்து வைத்தாள். 

"வருகிறேன்," என்றாள்.

விளக்கு எரிந்தது. அந்தச் சொல்லைத் தடுக்கவோ மாற்றவோ பிலோமிக்கு இனி வழியில்லை. அவள் தேடவும் இல்லை.

"ஏட்டி," என்றாள் வடிவு, சத்தமே இல்லாமல் அழுதபடி, "ஒன் வீட்டு மாடி ரூமுக்கு வெள்ளையடிக்கணுமே."

"அடிக்கேன்," என்றாள் பிலோமி.

தூணில் மறுபடி வெள்ளை விளக்கு எரிந்தது.